எல்லா டிக்கெட்டும் விற்ற நாடகம்

உட்காருங்கண்ணே. ஐயோ, அதுல இல்ல! அது ராஜாவோட சிம்மாசனம். பின்னங்கால் ஒடிஞ்சு செங்கல் மேல நிக்குது. கல்யாண மேடைக்குத்தான் கேக்குறீங்கன்னு அம்மா சொன்னாங்க. பொண்ணு மாப்பிள்ளை ரெண்டு பேரும் இதுல உட்கார முடியாதுண்ணே, எங்க ராஜா தனி ஆளு. ராணி பக்கத்துல நின்னுக்கிட்டே அழுவாங்க. நீங்க வேணா இதுல மாப்பிள்ளையை உட்கார வெச்சுட்டு மாமனாரைப் பக்கத்துல நின்னு அழச் சொல்லுங்க, பொருத்தமா இருக்கும்.

அப்பா பின்கட்டுல திரைச்சீலையை மடிச்சுக்கிட்டிருக்கார். நீங்க வந்திருக்கீங்கன்னு சொல்லிட்டேன், 'ம்'ன்னார். இப்பல்லாம் 'ம்'தான். மெதுவாத்தான் வருவார். அதுவரைக்கும் நான் பேசுறேன். நான் குழலி, ப்ளஸ் டூ. எங்க ஸ்கூல்ல எல்லா டீச்சரும் நான்தான். அதாவது எல்லார் குரலும். ஒருநாள் ஹெட்மிஸ்ட்ரஸ் குரல்ல மைக்குல "மாணவிகள் அனைவரும் வீட்டுக்குச் செல்லலாம்"னு சொன்னேன். ஸ்கூலே காலி! ஹெட்மிஸ்ட்ரஸும் பையை எடுத்துக்கிட்டு வாசல் வரைக்கும் போயிட்டாங்க, அப்புறம்தான் அவங்களுக்குச் சந்தேகம் வந்துச்சு.

சரி, அதை விடுங்க. சிம்மாசனத்தை ஏன் விக்கிறோம்னு கேக்கணும்னு இருக்குல்ல உங்களுக்கு? கேளுங்க, தப்பே இல்ல. உலகத்துல எங்கேயாவது ஒரு டிக்கெட் கூட மிச்சமில்லாம வித்ததுனால நாடகக் குழுவை மூடியிருக்காங்களா? திருச்சியில மூடினாங்கண்ணே. இந்த வீட்டுல.

அப்பா கூட்டுறவுப் பண்டகசாலையில எடை போடுறவர். திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் துவரம்பருப்பு, சனி ஞாயிறு மகாராஜா. நாடகம் பேரு 'ஏழாம் கோட்டை வாசல்'. அவரே எழுதி, அவரே நடிக்கிறது. நாடகம் போட என்ன செலவாகும்னு தெரியுமா? ஹால் வாடகை, லைட்டு, மைக்கு, மேக்கப்காரர். கிரீடத்துலேர்ந்து சேவகனோட ஈட்டி வரைக்கும் ஏத்திட்டுப் போற வேன். நடிக்கிறவங்களுக்குப் பஸ் காசு, டிபன். சேவகன் வேஷம் போடுறவர் மட்டும் ஏழெட்டு தோசை உள்ள தள்ளுவார். அவருக்கு இருக்கிற வசனமே "உத்தரவு மன்னா" ஒண்ணுதான். அதையும் ஏப்பத்தோடதான் சொல்லுவார். இந்தக் காசெல்லாம் முதல்லயே கையை விட்டுப் போயிரும். டிக்கெட் காசு கடைசியிலதான் வரும். வந்தா.

இந்தத் தடவை ஹால் வாடகைக்கு அம்மா கழுத்துச் சங்கிலியைக் கழட்டிக் குடுத்தாங்க. குடுத்துட்டு ஒண்ணு சொன்னாங்க. அம்மா குரல்ல சொல்றேன் கேளுங்க: "இந்தாங்க. இதுதான் கடைசி. இதுலயும் ஒண்ணும் வரலைன்னா, அந்தக் கிரீடம் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது. நான் வேணுமா ராஜா வேணுமான்னெல்லாம் கேக்க மாட்டேன். எனக்குப் பதில் தெரியும்." எப்படி? அந்தக் கடைசி வார்த்தையில தொண்டை கொஞ்சம் கம்மும் பாருங்க, அது வரதுக்கு எனக்கு ரெண்டு நாள் ஆச்சு.

கடைசியா ஒரு தடவைன்னு அம்மா ஏன் ஒத்துக்கிட்டாங்கன்னா, மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தர் வர்றதா இருந்தார். சேஷகோபாலன். சபா செயலாளர். அவர் தலையை ஆட்டினா அங்க வரிசையா சபா சபாவா நாடகம் போடலாம், ஒரு வருஷத்துக்குக் குழுவுக்குக் கவலையில்ல. அப்பா பண்டகசாலையில லீவு கூட எழுதி வெச்சிருந்தார். ஆனா அந்த மனுஷன் அப்பாகிட்ட போன்ல தெளிவாச் சொல்லிட்டார்: "இங்க பாருங்கோ பரமானந்தம், நான் ஸ்டேஜைப் பார்க்க வரலை. அதைப் பார்க்கறதுக்கு ஆயிரம் பேர் இருக்கா. நான் திரும்பிச் சீட்டைப் பார்க்கத்தான் வரேன். ஹால் ரொம்பியிருந்தா மேல பேசலாம். என்ன, புரியறதா?"

அப்போ என்ன பண்ணணும்? ஹாலை நிரப்பணும். அவ்வளவுதானே?

இந்த ஊர்ல நாடக டிக்கெட் எப்படி விக்கும்னா, கட்டுக்கட்டா எடுத்துக்கிட்டுப் போய்க் கடை கடையா நிக்கணும். வாங்குறவங்க முகத்துக்காக வாங்குவாங்க. அப்பாவுக்கு அது வராதுண்ணே. மேடையில ஏழு கோட்டையைப் பிடிப்பார், கடை வாசல்ல படி ஏற மாட்டார். ஒருநாள் அல்வாக்கடை அண்ணாச்சிகிட்ட டிக்கெட் கேக்கப் போறேன்னு போனார். அரைக்கிலோ மிக்சரோட வந்தார். "என்னப்பா?"ன்னேன். "கூட்டமா இருந்துச்சும்மா, சும்மா நிக்க ஒரு மாதிரியா இருந்துச்சு, வாங்கிட்டேன்." மறுநாளும் போனார். காராபூந்தி. இப்படியே வீட்டுல டப்பா டப்பாவா காரம் ஏறிக்கிட்டே போச்சு, டிக்கெட் கட்டு இளைக்கவே இல்ல. அம்மா அந்த டப்பாவையெல்லாம் பார்த்துட்டு ஒரு பெருமூச்சு விடுவாங்க பாருங்க... சரி, பெருமூச்சு வேணாம்.

நான்தான் களத்துல இறங்கினேன். என்கிட்ட ஒரு போனும் ஒரு தொண்டையும் இருக்கு. வேற என்ன வேணும்?

மூணே மூணு பேர். மூணு பேரையும் வட்டமாக் கோத்தேன். கவனமாக் கேளுங்க, இது என் வாழ்நாள் சாதனை.

முதல்ல அல்வாக்கடை அண்ணாச்சி, சுடலைமுத்து. அவர் பேரனுக்கு எல்.கே.ஜி. சீட் வேணும். யார்கிட்ட? ஸ்கூல் தாளாளர் எஸ்தர் மேடம்கிட்ட. அண்ணாச்சிக்கு எஸ்தர் மேடமாப் பேசினேன்: "பிரதர், எஸ்தர் பேசுறேன். இது என் தங்கச்சி நம்பர். உங்க பேரன் அப்ளிகேஷன் என் மேசையிலதான் இருக்கு. நான் இன்னும் ஜெபம் பண்ணி முடிவெடுக்கலை. அது இருக்கட்டும் பிரதர், நம்ம பரமானந்தம் ஒரு நாடகம் போடுறார்..." நான் முடிக்கவே இல்லண்ணே. "எத்தனை டிக்கெட் மேடம்?"னு அண்ணாச்சியே கேட்டார்.

எஸ்தர் மேடம் ஸ்கூலுக்குப் புதுக் கட்டடம் எழும்புது. சிமெண்ட் எல்லாம் நாச்சிமுத்து கடையில கடன். அதனால மேடத்துக்கு நாச்சிமுத்துவாப் பேசினேன்: "வணக்கமுங்க மேடம். அட, அந்தப் பாக்கிக்கு அவசரமே இல்லீங்க, நீங்க மெதுவாக் குடுங்க. ஒரு சின்ன ஒதவிங்க. நம்ம பரமானந்தம் நாடகம் போடறாருங்க. பாவமுங்க, நல்ல மனுசனுங்க." மேடம், "கட்டாயம் செய்யலாம் பிரதர்"னாங்க. நாச்சிமுத்துவைப் போய் பிரதர்னு கூப்பிட்டதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை, இருமுற மாதிரிச் சமாளிச்சேன்.

கடைசியா நாச்சிமுத்து. அண்ணாச்சி புதுக் கிளை கட்டப் போறார், சிமெண்ட் வேணும். நாச்சிமுத்துவுக்கு யார் பேசினது? அண்ணாச்சி! "ஏவே நாச்சிமுத்து, சுடல பேசுதேன். சிமெண்டு உம்மகிட்டதான் எடுக்கப்போறேன்னு வெச்சுக்கிடும். நம்ம பரமானந்தம் நாடகம் போடுதான்வே, மிச்சம் இருக்க டிக்கெட்ட எல்லாம் எடுத்துப் போடும். நாஞ் சொன்னதா வெளிய மூச்சு விடக் கூடாது, என்ன?"

மூணு பேர்கிட்டயும் என் நம்பருக்கு ஒரு சாக்கு, அப்புறம் அதே கடைசி வரி. நான் சொன்னதா வெளிய சொல்லாதீங்க. அதுதான் வட்டத்துக்குப் பூட்டு.

மறுநாள் காலையில வாசல்ல மூணு பேரோட ஆளுங்களும் நிக்கிறாங்க, காசோட. மொத்த டிக்கெட்டும் போச்சு. அப்பா நடு வீட்டுல நின்னுக்கிட்டு வெறுங்கையைப் பார்த்தார். "குழலி, நான் ஊரைத் தப்பா நினைச்சுட்டேம்மா. ஊர்ல ரசிகர்கள் இருக்காங்கம்மா"ன்னார். கண்ணுல தண்ணி. அம்மா அன்னிக்குப் பாயசம் வெச்சாங்க. நீங்களே சொல்லுங்க, இப்படி ஒரு நாளைப் பெத்தவங்களுக்கு யார் குடுப்பா?

நாடகத்தன்னிக்கு ஹவுஸ் ஃபுல் போர்டு மாட்டினது நான்தான். மூடிப்போன சினிமாத் தியேட்டர்லேர்ந்து வாங்கிட்டு வந்தேன், துடைச்சு மாட்டினா அவ்வளவு அழகு. கவுண்டர்லயும் நானே உட்கார்ந்தேன். ஆளுங்க வந்தாங்கண்ணே! சாயங்காலத்துலேர்ந்தே வந்தாங்க. ஆட்டோவுல மைக் கட்டி விளம்பரம் பண்ணியிருந்தோம்ல, அதைக் கேட்டுட்டு வந்திருக்காங்க. பென்ஷன்காரங்க, நர்ஸ் டிரெஸ்ஸோட பொண்ணுங்க, காலேஜ் பசங்க. ஒரு குடும்பம் டிபன் கேரியரோட பஸ் பிடிச்சு வந்திருந்துச்சு. எனக்குக் குஷி தாங்கலை. பழைய தியேட்டர் கவுண்டர்க்காரர் குரல் இருக்கே, மூக்கால பேசுறது, அதை எடுத்தேன்: "ஹவுஸ் ஃபுல்மா, ஹவுஸ் ஃபுல். நகரு நகரு. கம்பியைப் பிடிச்சுத் தொங்காத." ஒருத்தர் கெஞ்சுறார், "ஓரமா நின்னு பார்த்துக்கறோம்மா, டிக்கெட் காசு முழுசாத் தர்றோம்." "நிக்கிறதுக்கும் ஃபுல்லுய்யா!" நாடகத்துக்கு டிக்கெட் கிடைக்காம இந்த ஊர்ல ஜனம் திரும்பிப் போனதைப் பார்த்த ஒரே ஆள் நான்தான். அப்பாவைக் கூட்டிட்டு வந்து காட்டலாம்னு பார்த்தேன், மீசை ஒட்டிக்கிட்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நல்ல மழை வேற. போனவங்க போக, மத்தவங்க ஹால் சன்ஷேடுக்குக் கீழ ஒதுங்கி நின்னாங்க.

மணி அடிச்சாச்சு. உள்ள போய்ப் பார்க்குறேன். சமோசா விக்கிறவர் இருக்கார். ஹால் வாட்ச்மேன் இருக்கார். சேவகன் வேஷம் போடுறவரோட மச்சான் இருக்கார், காலை நீட்டிப் படுத்துக்கிட்டு. அவ்வளவுதான்.

டிக்கெட் வாங்கின மூணு பேரும் வரலை. அவங்க அனுப்பியும் யாரும் வரலை. காசு குடுத்து வாங்கினதை யாராவது அப்படிப் போட்டுட்டுப் போவாங்களா? நீங்க பிரியாணி வாங்கினா இலையிலயே வெச்சுட்டு எழுந்து போவீங்களா? அது அவங்க தப்புதானே? நான் வித்தேன். வரவேண்டியது அவங்க. இதை நான் அம்மாகிட்டயும் சொன்னேன்.

ஆனா நான் அசரலையே. மேடை விளக்கு கண்ணுல அடிச்சா நடிக்கிறவங்களுக்கு ஹால் கறுப்பாத்தான் தெரியும். சேஷகோபாலன் மழையில மாட்டி லேட்டா வந்தார், இருட்டுல நேரா முன்வரிசையில கொண்டுபோய் உட்கார வெச்சாச்சு. அப்போ யாருக்குமே ஹால் தெரியாது. காதுக்குத்தான் தெரியும். காது யாரோட டிபார்ட்மெண்ட்?

இடது கோடியில போய் ஒரு கிழவர் இருமல் இருமினேன். ஓடிப்போய் வலது கோடியில கைக்குழந்தை அழுதேன். உடனே அம்மாக்காரி, "ச்சு, அழாதடா, ராஜா பிடிச்சுட்டுப் போயிருவார்." பின்வரிசையில காலேஜ் பையன் விசில். "ஏய், உக்காருய்யா, மறைக்குதுல்ல!" நடுவுல ஒரு அக்கா சிரிப்பு, மாவு அரைக்கிற மாதிரி. கைத்தட்டலுக்கு, கழண்டு கிடந்த ரெண்டு சீட்டுப் பலகையை ஒண்ணோட ஒண்ணு தட்டினேன், ஓடுன்னா ஓடு, செருப்பைக் கழட்டி வீசிட்டு ஓடினேன். சமோசாக்காரர் வாயைப் பொளந்துட்டார். சேஷகோபாலன் பின்மண்டை ஆடுது, நல்லாத்தான் ஆடுது.

அப்பா அன்னிக்கு நடிச்ச மாதிரி நான் பார்த்ததே இல்லண்ணே. ஒரு இடத்துல ராஜா கோட்டை வாசல்ல ஒத்தையா நின்னுக்கிட்டு, "என் குடிகளே, நீங்கள் இருக்கும்வரை நான் தோற்கமாட்டேன்"னு சொல்லணும். எப்பவும் சுவரைப் பார்த்துச் சொல்லுவார். அன்னிக்கு முன்னாடி வந்து, கையை விரிச்சு, இருட்டைப் பார்த்துச் சொன்னார். குரல் அப்படியே நடுங்குச்சு. நான் ஹாலையே தூக்கிட்டேன். விசில், கைத்தட்டல், "ஒன்ஸ் மோர்!" எல்லாம்.

அப்பத்தான் சேஷகோபாலன் எழுந்து வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "ஹால் லைட்டைப் போடுப்பா, ஒரு நிமிஷம்"னார். அது அவர் வழக்கமாம். எந்த ஊருக்குப் போனாலும் பாதி நாடகத்துல லைட்டைப் போடச் சொல்லி ஜனங்க முகத்தைப் பார்ப்பாராம். எனக்கு எப்படித் தெரியும்? யாரும் சொல்லலையே!

லைட்டு வந்துச்சு. நான் நடு ஹால்ல, கக்கத்துல ரெண்டு சீட்டுப் பலகை, வாயில ரெண்டு விரல். அப்பா கையை விரிச்சபடியே நின்னார்.

சேஷகோபாலன் திரும்பி முழு ஹாலையும் நிதானமாப் பார்த்தார். "வாசல்ல ஹவுஸ் ஃபுல்னு போர்டு. உள்ள ஈ ஓட்டிண்டிருக்கேள். பரமானந்தம், பாதி ஹால் ரொம்பியிருந்தாலும் கூட நாலு ஷோ குடுத்திருப்பேன், அது என் கையில இருக்கு. பொய்ப் போர்டு மாட்டறவாளோட எனக்குப் பழக்கமில்லை."

அப்பா மேடையிலேர்ந்தே, "ஐயா, எல்லா டிக்கெட்டும் வித்தது ஐயா. ஒண்ணு கூட மிச்சமில்ல. நிஜமா"ன்னார். கிரீடத்தோட கையைக் கூப்பிக்கிட்டு. அது நிஜம்தானே? நிஜத்தைச் சொன்னதுக்கு அவர் இன்னும் கோவமாகிட்டார். குடையை விரிச்சுக்கிட்டே போயிட்டார், ஹாலுக்குள்ளேயே.

அப்பா, "லைட்டை அணைங்க"ன்னார். மிச்ச நாடகத்தை முழுக்க நடிச்சார். நான் மறுபடி கைத்தட்ட ஆரம்பிச்சேன். அவர் கையைத் தூக்கி, போதும்ங்கிற மாதிரிக் காட்டினார். ராஜா ஜனங்களை அமர்த்துறார்னு நினைச்சு நான் இன்னும் பலமா விசிலடிச்சேன். நல்லாத்தான் போச்சு.

அப்புறம் அண்ணாச்சி புதுக் கிளைக்குப் பூமி பூஜை. மூணு பேரும் ஒரே வரிசையில உட்கார்ந்திருக்காங்க. "நீங்க சொன்னீங்களேன்னுதான் அந்த டிக்கெட்டை..." "நான் எங்கே சொன்னேன்? இவர் சொன்னாரேன்னு நான்..." வட்டம் சுத்தி முடிஞ்சுது. மூணு பேரும் வீட்டுக்கு வந்தாங்க. நாச்சிமுத்து மட்டும், "பாப்பா, என்ற கொரல ஒருக்கா பேசு பாக்கலாம்"னார். பேசினேன். ஆடிப்போயிட்டார். அப்பா யாரையும் திட்டலை. எல்லார் காசையும் திருப்பித் தர்றேன்னுட்டார். அதுக்குத்தான் இந்தச் சிம்மாசனம், திரைச்சீலை, ஈட்டி எல்லாம். என்னையும் ஒரு வார்த்தை திட்டலைண்ணே. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும், எனக்கு அப்பா கோவக் குரல் இன்னும் சரியா வரலை, கேட்டுக்கிட்டிருப்பேன்.

இப்போ ஒரு சிரிப்பு கேளுங்க. போன வாரம் நான் டியூஷன் போயிருக்கேன். அப்பாவுக்கு ஒரு போன். மேலமருதூர் கோயில் விழாக் கமிட்டி, கலியமூர்த்தின்னு ஒருத்தர். அன்னிக்கு டிபன் கேரியரோட வந்த குடும்பம் சொன்னேன்ல, அவங்கதான். மழைக்கு மூடியிருந்த ஜன்னலோரமா ஒதுங்கி நின்னு முழு நாடகத்தையும் காதால கேட்டிருக்காங்க. "ராஜா பேசினதுல எங்க வீட்டுப் பொம்பளைங்க அழுதுட்டாங்க சார். உள்ள என்ன கூட்டம்! விசிலும் கைத்தட்டலும் வெளியவரைக்கும் அதிருது. எங்க விழாவுக்கு அஞ்சு நாளும் உங்க நாடகம்தான். அட்வான்ஸ் அனுப்பட்டுமா?"

கூட்டம், கைத்தட்டல்னு சொன்னதும் அப்பா, "நல்லாப் பண்றம்மா குழலி. டெல்டாப் பேச்சு அப்படியே வருது. போதும், படிக்கிற வேலையைப் பாரு"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டார்.

அந்த மனுஷன் குழம்பிப்போய், போஸ்டர்ல இருந்த என் நம்பருக்கு அடிச்சார். "ஏம்மா, உங்க அப்பா என்னை அம்மா அம்மாங்கிறார்?" நான் டியூஷன்ல எழுந்து நின்னு சிரிச்சேன். சிரிச்சுட்டு, வீட்டுக்கு ஓடி வந்தேன். அப்பா முன்னாடி போனை ஸ்பீக்கர்ல போட்டு நீட்டினேன். "அப்பா, இது நிஜம்பா. நிஜ ஆளு. என் வாயைப் பாருங்க, அசையுதா?" அவர் பேசுறார், "ஐயா வணக்கம், கலியமூர்த்திங்க." அப்பா என் வாயையே பார்த்துக்கிட்டிருந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம், "முன்னாடியே ரெக்கார்டு பண்ணிட்டியாம்மா?"ன்னு கேட்டார். கோவமே இல்ல. தெரிஞ்சுக்கணும்னு கேக்குற மாதிரி. கேட்டுட்டு உள்ள போயிட்டார்.

அந்தப் பக்கம் அதையும் கேட்டுக்கிட்டிருந்தாங்க. "குடும்பமே விளையாட்டுக் குடும்பமா இருக்கும்போல"ன்னு சொல்லி வெச்சுட்டாங்க. நான் மறுபடி அடிச்சேன். பாட்டுக் குழு ஒண்ணைப் பேசி முடிச்சாச்சாம்.

கேக்குதா, கொலுசுச் சத்தம்... இல்ல, அது ராஜாவோட சலங்கைப் பெட்டி, அதைத் தூக்கிட்டு வர்றார். வந்துட்டார். அண்ணே, ஒரு உதவி. நீங்க முதல்ல பேசாதீங்க. வாசப்படியில வந்து நிப்பார், என்னைப் பார்ப்பார், அப்புறம் உங்களைப் பார்ப்பார். வேணும்னா கிட்ட வந்து உங்க கையைத் தொட்டுப் பார்ப்பார், தப்பா எடுத்துக்காதீங்க. அவர் தொட்டுப் பார்த்து முடிக்கட்டும். அதுக்கப்புறம் வாயைத் திறங்க.